பால்வாடியா, காப்பகமா, கையில் பணமா? பத்து லட்சம் வைத்திருக்கும் சிறு அறக்கட்டளைக்கு ஓர் ஒப்பீடு

சிறு அறக்கட்டளைகளுக்கு வரும் உதவி விண்ணப்பங்களை வாசித்துக் கருத்துச் சொல்வது சில காலமாக என் வேலைகளில் ஒன்று. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பல பக்கங்களிலிருந்து வருகிறது. கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் சேர்ந்து பதிவு செய்த டிரஸ்ட், அப்பா பெயரில் பிள்ளைகள் தொடங்கிய அறக்கட்டளை, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் மாதாமாதம் போட்டு வைக்கும் பணம் என்று ஆட்கள் வேறு. கையில் இருப்பது பெரும்பாலும் ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு முன்னே பின்னே. "கஷ்டப்படுற குடும்பத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யணும்" என்பதில் எல்லோரும் ஒரே குரல். எதைச் செய்வது என்று வரும்போதுதான் வாட்ஸ்அப் குழு இரண்டாக உடைகிறது.

பால்வாடிக்குப் பெயின்ட் அடித்துப் பொம்மை வாங்கிக் கொடுக்கலாம் என்பார் ஒருவர். வேலைக்குப் போகும் தாய்மாருக்குக் காப்பகம் நடத்தலாம் என்பார் இன்னொருவர். அவர்கள் கையிலேயே பணத்தைக் கொடுத்துவிடுங்கள், அவர்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும் என்பார் மூன்றாமவர். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து, ஆண்டுக்குப் பத்து லட்சம் என்ற கணக்கில், ஐந்து வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

அரசு ஏற்கெனவே கொடுப்பது என்ன?

இதைப் பார்க்காமல் எந்த வழியையும் எடைபோட முடியாது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இந்தியாவில் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. 1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டுக்கென்று தனி ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்தது. இன்று மாநிலத்தில் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. ஆறு மாதம் ஆன பிள்ளைக்குச் சத்துமாவு வீட்டுக்கு வருகிறது. இரண்டு வயதுக்கு மேல் மையத்தில் கலவை சாதம், முட்டை. கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி: 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும். 2023 செப்டம்பரிலிருந்து, மாதம் 1,000 ரூபாயோடு தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் சேர்ந்துகொண்டது.

இவ்வளவும் இருந்தும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இரத்தசோகை. சாப்பாடு போகிறது, பணமும் ஓரளவு போகிறது. அப்படியானால் எது போகவில்லை?

என்னைக் கேட்டால், ஆள்தான் போதவில்லை. அங்கன்வாடி டீச்சர் ஒருவரே பாட்டுச் சொல்லித்தர வேண்டும், எடை பார்க்க வேண்டும், மாவு பாக்கெட் கொடுக்க வேண்டும், போஷன் டிராக்கர் செயலியில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அவர் தலையில்தான். துணைக்கு ஆயாம்மா இருந்தால் அவர் அடுப்படியில் இருப்பார். சில மையங்களில் இந்த இரண்டு இடங்களில் ஒன்று காலியாகவே கிடக்கும். கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்தப் பார்வையிலிருந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கழித்துக்கொண்டு வாசிக்கலாம்.

எதை வைத்து எடைபோடுவது?

முதலில் பிள்ளையின் வயது. பிறந்தது முதல் இரண்டு வயது வரை பிள்ளை வீட்டில் இருக்கிறது. அதை எட்ட வேண்டுமானால் தாய் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டிலிருந்து ஐந்து வரை மையத்துக்கு வருகிறது. "சின்னப் பிள்ளைகள்" என்று மொத்தமாகச் சொல்லும் தீர்மானத்தில் இந்த இரண்டு கூட்டமும் குழம்பிப்போகும்.

இரண்டாவது, நீங்கள் எத்தனை ஆண்டு நிற்பீர்கள் என்பது. இதில் நேர்மையாக இருங்கள். முதல் ஆண்டு உற்சாகத்தில் வரும் பணம் மூன்றாம் ஆண்டில் பாதியாவது எல்லாக் குழுவிலும் நடப்பதுதான்.

மூன்றாவது, யார் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்கிறீர்கள்? அரசோ முதலாளியோ சட்டப்படி கொடுக்க வேண்டியதை நீங்கள் கொடுத்தால், உங்கள் பத்து லட்சம் போய்ச் சேர்வது பிள்ளைக்கு அல்ல, அவர்களின் கணக்குக்கு.

நான்காவது, பணம் தவிர உங்களால் என்ன கொடுக்க முடியும்? மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறாரா, இல்லை எல்லோரும் பெங்களூரிலும் டல்லாஸிலும் இருக்கிறீர்களா? ஐந்தாவது, இந்த வழி பலன் தரும் என்பதற்கு நல்லெண்ணத்தைத் தாண்டிய சான்று உண்டா?

ஒரே பார்வையில் வேண்டுபவர்களுக்கு இந்த அட்டவணை. இதில் உள்ள தொகைகள் நான் போட்டுப் பார்த்த மாதிரிக் கணக்குகள்; உங்கள் ஊர்ச் சம்பளத்தை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

| வழி | பத்து லட்சத்தில் ஏறக்குறைய | பிள்ளையின் வயது | குறைந்தது எத்தனை ஆண்டு | மறைந்திருக்கும் பெரிய செலவு |
|---|---|---|---|---|
| மையத்துக்குப் பொருள், பழுதுபார்ப்பு | 10 மையம் | 2–5 | 1 | பராமரிப்பு |
| மையத்துக்குக் கூடுதல் ஆள் | 7 மையம், 140 பிள்ளைகள் | 2–5 | 3 | அனுமதி, ஆளின் எதிர்பார்ப்பு |
| காப்பகம் | 1 காப்பகம், 25 பிள்ளைகள் | 6 மாதம்–5 | 3–5 | பொறுப்பும் பாதுகாப்பும் |
| கையில் பணம் | 50 குடும்பம், மாதம் 1,500 | எல்லா வயதும் | 1 | தேர்வு, ஊருக்குள் மனக்கசப்பு |
| வீடு தேடிப் போகும் பயிற்றுநர் | 100 பிள்ளைகள் | 0–3 | 2–3 | பயிற்சி, மேற்பார்வை |

மையத்துக்குப் பொருள் வாங்கிக் கொடுப்பது

அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். காரணம் எளிது: ஒரு மாதத்தில் முடியும், பெயர்ப்பலகை வைக்கலாம், படம் எடுக்கலாம். ஒரு மையத்துக்கு ஒரு லட்சம் என்று வைத்தால் பத்து மையம்.

கூரை ஒழுகுகிற இடத்திலும், கழிப்பறை இல்லாத இடத்திலும், சமையலறையும் பிள்ளைகள் படுக்கும் இடமும் ஒன்றாக இருக்கும் இடத்திலும் இந்தச் செலவுக்கு முழு மதிப்பு உண்டு. கழிப்பறை இல்லை என்பதற்காகவே பிள்ளையை அனுப்பாத வீடுகள் இருக்கின்றன. ஆனால் கட்டட வேலை என்றால் முதலில் ஊராட்சித் தலைவரையும் வட்டார வளர்ச்சி அலுவலகத்தையும் பாருங்கள். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். உங்கள் மையத்துக்கு அது பொருந்துமானால் அதே பணத்தில் இரண்டு மடங்கு வேலை நடக்கும்.

மற்றபடி பொம்மை, டிவி, குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் எல்லாம் கவனமாகப் பார்க்க வேண்டியவை. சுத்திகரிப்பு இயந்திரத்தின் வடிகட்டியை மாற்றப் பணம் ஒதுக்காமல் இயந்திரத்தை மட்டும் கொடுத்தால், அடுத்த ஆண்டு அதன் மேல் சத்துமாவு மூட்டை இருக்கும். பொம்மைகள் உடைந்துவிடும், மேலதிகாரி கேட்பார் என்ற பயத்தில் பீரோவுக்குள் பூட்டி வைக்கப்படும். டீச்சரைக் குறை சொல்லிப் பயனில்லை; இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்ட பொருளுக்கு அவர்தான் பொறுப்பு. அரசே "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்று நல்ல பாடத்திட்டமும் அதற்கான விளையாட்டுப் பொருள்களும் வைத்திருக்கிறது. அதை எடுத்து நடத்த நேரம்தான் இல்லை.

ஓராண்டுக்கு மட்டும்தான் பணம், நேரில் போக ஆளில்லை என்றால் இதுவே சரியான தேர்வு. ஆனால் டீச்சரிடமே கேட்டு வாங்குங்கள். அவர் பொம்மை கேட்கமாட்டார். மின்விசிறி, பாய், தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் என்றுதான் பட்டியல் வரும்.

மையத்துக்குக் கூடுதலாக ஒரு ஆள்

நான் இதன் பக்கம் சாய்கிறவன். அதனால் இதன் குறைகளைக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன்.

சான்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்து, குலுக்கலில் தேர்ந்த பாதி மையங்களில் அரைநாள் வேலைக்கு ஒரு கூடுதல் பணியாளரைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவருக்கு ஒரே வேலை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் ஏறக்குறைய இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். அதைவிட எனக்குப் பிடித்த முடிவு வேறொன்று: மையத்தில் தொடர்ந்த பிள்ளைகளிடையே குட்டையாகவும் கடும் ஊட்டக்குறைவோடும் இருப்பவர்களின் அளவும் குறைந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவர் ஊட்டச்சத்தை எப்படிக் கூட்டினார் என்றால், அவர் பாடத்தை எடுத்துக்கொண்டதும் பழைய டீச்சருக்குத் தன் உடல்நல வேலைகளைப் பார்க்க நேரம் கிடைத்தது.

கணக்கு: மாதம் 9,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,08,000. பயிற்சி, கற்றல் பொருள், மேற்பார்வைப் பயணம் சேர்த்து 1,30,000 என்று வையுங்கள். ஏழு மையம், 9,10,000. மையத்துக்கு 20 பிள்ளைகள் என்றால் 140 பேர்.

இனி மறைந்திருக்கும் செலவு. முதலாவது அனுமதி. அரசு மையத்துக்குள் உங்கள் ஆளை உட்கார வைக்க மாவட்டத் திட்ட அலுவலரின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். வட்டார அலுவலர் வாய்மொழியாகச் சரி என்றார் என்று தொடங்கினால், அவர் மாற்றலாகிப் போன வாரத்தில் உங்கள் திட்டம் நிற்கும். ஒப்புதலுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்பதை அலுவலகத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். நிதியாண்டு மார்ச்சில் முடியும் என்பதை மட்டும் உங்கள் ஆடிட்டர் நினைவூட்டிக்கொண்டே இருப்பார்.

இரண்டாவது, அந்தப் பெண்ணின் எதிர்பார்ப்பு. பெரும்பாலும் அதே ஊரில் பிளஸ் டூ முடித்தவர் வருவார். இரண்டு ஆண்டு வேலை பார்த்தபின், அடுத்த அங்கன்வாடி நியமனத்தில் தனக்கு இடம் கிடைக்கும் என்று நம்ப ஆரம்பிப்பார். அவர் மேல் தப்பில்லை, ஊரே அப்படித்தான் சொல்லும். நியமனம் உங்கள் கையில் இல்லை என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். போலீஸ் சரிபார்ப்பு, குறைந்தபட்ச ஊதியம், ஆள் எண்ணிக்கை கூடினால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் சேர்ந்து வரும். இதைத் தவிர்க்கப் "தன்னார்வலர்" என்று பெயர் வைத்து 3,000 ரூபாய் கொடுக்கும் குழுக்கள் உண்டு. ஏழைக் குடும்பங்களுக்கு உதவும் அறக்கட்டளை ஓர் ஏழைப் பெண்ணுக்குச் சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது எனக்கு விளங்காத கணக்கு.

மூன்றாவது, இது அரசின் வேலை அல்லவா? ஆம். காலியான பணியிடத்துக்கு மாற்றாக உங்கள் ஆளைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அந்த இடம் காலியாகவே இருக்கும். இரண்டு பணியிடமும் நிரம்பிய மையத்தில் மூன்றாம் ஆளாக வைத்தால்தான் கூடுதல் பலன் கிடைக்கும். கேட்கக் கொஞ்சம் கொடுமையாகத் தெரியலாம், ஏனென்றால் ஆளில்லாத மையம்தான் அதிகம் கஷ்டப்படுவதாகக் கண்ணுக்குத் தெரியும். அங்கே செய்ய வேண்டியது மனுப் போடுவது.

மூன்று ஆண்டு உறுதியாக நிற்க முடியும், உள்ளூரில் பொறுப்பான ஒருவர் இருக்கிறார் என்ற குழுவுக்கு இதுதான் என் முதல் பரிந்துரை.

காப்பகம்

அங்கன்வாடி பிற்பகலில் மூடிவிடும். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கும், சூளையில் கல் அறுக்கும் பெண்ணுக்கும் அந்த நேரம் போதாது. இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் மையத்தில் விடவும் முடியாது. பிள்ளை சேலைத் தூளியில் மண்மேட்டின் ஓரம் கிடக்கும், அல்லது எட்டு வயது அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்வாள். காப்பகம் வந்தால் கைப்பிள்ளைக்குப் பால் கிடைக்கிறது, தாய்க்குக் கூலி முழுதாகக் கிடைக்கிறது, அக்காவுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கிறது. ஒரு செலவில் மூன்று பேருக்குப் பலன் தரும் வழி இந்த ஐந்தில் இது ஒன்றுதான்.

இந்தியாவில் இதற்கு நீண்ட பழக்கம் உண்டு. 1969இல் டெல்லியில் காந்தி நூற்றாண்டுக்காக நடந்த கட்டுமான இடத்தில், புழுதியில் கிடந்த குழந்தைகளைப் பார்த்து மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கியதுதான் மொபைல் கிரெஷஸ். அதற்கு முன்பே, 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை மடுவத்தை, அதாவது தொழிலாளர் பிள்ளைகளுக்கான காப்பகத்தை, கட்டாயமாக்கியது. 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம், 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது.

யார் செய்ய வேண்டிய வேலை என்ற மூன்றாவது அளவுகோல் இங்கேதான் கடிக்கிறது. நூறு பெண்கள் வேலை செய்யும் ஆலைக்குப் பக்கத்தில் நீங்கள் காப்பகம் திறந்தால், முதலாளி உங்களை மேடையில் உட்கார வைத்துச் சால்வை போடுவார். போடத்தானே செய்வார், அவர் செலவை நீங்கள் ஏற்றிருக்கிறீர்கள். காப்பகம் திறப்பதானால் சட்டத்தின் வரம்புக்குள் வராத பெண்கள் இருக்கும் இடமாகப் பாருங்கள்: வீட்டு வேலை செய்பவர்கள், சிறு சூளைகள், மீன் சந்தை, பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைகள்.

செலவு: 25 பிள்ளைகளுக்கு மூன்று பேர், தலா மாதம் 10,000 என்றால் ஆண்டுக்கு 3,60,000. பால், சாப்பாடு, வாடகை, மருந்து, துணி, மின்சாரம் சேர்ந்தால் ஏழு லட்சத்தை எட்டிவிடும். மீதியை எதிர்பாராத செலவுக்கென்று தொடாமல் வையுங்கள், ஏனென்றால் அது வந்தே தீரும். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 28,000 ஆகிறது. மேலே சொன்ன கூடுதல் ஆள் வழியில் அது 6,500தான். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் டிரஸ்டி இதை உடனே அடித்துவிடுவார். ஆனால் அங்கே ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது அரைநாள் பாடம். இங்கே முழுநாள் பாதுகாப்பு, மூன்று வேளை சாப்பாடு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

உண்மையில் பயப்பட வேண்டியது பொறுப்பு. கைக்குழந்தைகளை நாள் முழுக்க வைத்திருக்கும் இடத்தில் ஒரு தவறு நடந்தால் அதைப் பணத்தால் சரிசெய்ய முடியாது. அதனால் அனுபவமில்லாத குழு தானே காப்பகம் நடத்தக் கூடாது என்பதில் நான் கறார். ஏற்கெனவே நடத்தி வரும் அமைப்பின் ஒரு காப்பகத்துக்கு மூன்று ஆண்டுச் சம்பளப் பணத்தைக் கொடுங்கள். மூட வேண்டி வந்தால் ஆறு மாதம் முன்பே சொல்லுங்கள். காப்பகத்தை நம்பி வேலையில் சேர்ந்த பெண்ணுக்கு, அது திடீரென்று மூடினால் வேலையும் போகும்.

கையில் பணம்

மாதம் 1,500 ரூபாய் 50 குடும்பங்களுக்கு என்றால் ஆண்டுக்கு ஒன்பது லட்சம். மீதி ஒரு லட்சம் தேர்வுக்கும் தொடர்புக்கும். நிர்வாகச் செலவு குறைவு, குடும்பத்தின் மேல் நம்பிக்கை வைக்கும் வழி, அதிகாரம் செய்யும் வாய்ப்பும் குறைவு. குடித்து அழித்துவிடுவார்கள் என்ற வாதத்தை நான் எடுத்துக்கொள்வதில்லை. தாயின் கணக்கில் போகும் பணம் பெரும்பாலும் பிள்ளைக்கும் அடுப்புக்கும்தான் போகிறது.

ஆனால் பணம் கொடுத்தால் பிள்ளையின் மூளை வளரும் என்று நன்கொடையாளர்களிடம் சொல்லாதீர்கள். இதைச் சோதிக்கவே அமெரிக்காவில் நான்கு இடங்களில் ஓர் ஆய்வு 2018இல் தொடங்கியது. குறைந்த வருமானமுள்ள 1,000 தாய்மாரைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பிள்ளை பிறந்ததிலிருந்து மாதம் 333 டாலரும் மற்றவர்களுக்கு 20 டாலரும் கொடுத்தார்கள். ஒரு வயதில் மூளை அலைகளில் வேறுபாடு தெரிகிறது என்று 2022இல் செய்தி பரபரப்பாக வந்தது. நான்கு வயதில் மொழி, நடத்தை, சிந்தனைத் திறன் எதிலும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை என்று 2025இல் வந்த முடிவு அவ்வளவாகப் பரவவில்லை. தாய்மார் அந்தப் பணத்தைப் பிள்ளைக்கே செலவழித்தார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்ததுதான். அமெரிக்கக் குடும்பத்தின் நிலை வேறு, நம் ஊர் வேறு. ஆனாலும் பணம் கஷ்டத்தைக் குறைக்கும், அதற்குமேல் வாக்குக் கொடுக்க வேண்டாம் என்பது நமக்கும் பொருந்தும்.

நம் ஊருக்கே உரிய சிக்கல்கள் வேறு. ஒரு தெருவில் இரண்டு வீட்டுக்குக் கொடுத்து மூன்றாவது வீட்டை விட்டால், அடுத்த திருவிழா வரை அந்தப் பேச்சு ஓயாது. தேர்தல் நெருங்கினால் நீங்கள் யாருடைய ஆள் என்ற கேள்வி வரும். கணக்கில் பணம் ஏறிய அன்றே குழுக்கடன் தவணை அதை எடுத்துக்கொண்டு போகும்.

இந்த வழி எங்கே மற்ற எல்லாவற்றையும் விடச் சிறந்தது என்றால் நெருக்கடியில். வெள்ளம் வந்த மாதம், கணவர் சாரத்திலிருந்து விழுந்த மாதம், குறைமாதக் குழந்தையோடு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கிடக்கும் மூன்று வாரம். மருந்து இலவசம்தான். ஆனால் துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, பேருந்துக் கட்டணம், இழந்த கூலி யார் கணக்கிலும் வராது. மாதாந்தரத் தொகையாகப் பரப்பாமல், 5,000, 10,000 என்று இரண்டு நாளுக்குள் கொடுக்கும் அவசர நிதியாக வைத்திருக்கும் குழுக்களை நான் மதிக்கிறேன். மருத்துவமனைச் செவிலியர் ஒருவரும் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரும் தகவல் சொன்னால் போதும்.

இன்னொன்று, உங்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அரசுப் பணம் அவர்களுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். மகப்பேறு உதவிக்குக் கர்ப்பப் பதிவு எண் வேண்டும், வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். விழுப்புரம், திருவள்ளூர்ப் பக்கம் சூளை சூளையாக இடம் மாறும் இருளர் குடும்பங்களுக்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்பவர்களுக்கும் இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி அறுந்திருக்கும். மாதம் 15,000 சம்பளத்தில் ஒரு பெண்ணை இதற்கென்றே வைத்தால் ஆண்டுக்கு 1,80,000. அவர் 13 குடும்பங்களுக்கு 14,000 ரூபாயைப் பெற்றுத் தந்தாலே அவர் சம்பளத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. ஐந்து வழிகளில் ஒன்றாக இதைத் தனியே எழுதவில்லை, ஏனென்றால் எந்த வழியை எடுத்தாலும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வீடு தேடிப் போகும் பயிற்றுநர்

வாரம் ஒருமுறை ஒருவர் வீட்டுக்குப் போய், தாயோடு சேர்ந்து பிள்ளையோடு விளையாடுகிறார். பாட்டில் மூடி, துணிப் பொம்மை, படம் பார்த்துப் பேசுதல். இவ்வளவுதான். 1986–87இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சாலி கிரந்தம் மெக்ரெகர் என்ற மருத்துவர் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து இதை இரண்டு ஆண்டு செய்து பார்த்தார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட 25 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். 129 பேர் என்பது சின்ன எண்ணிக்கை என்பதை மறக்க வேண்டாம். அதே முறையை ஒடிசாவின் கிராமங்களில் சோதித்தபோது, வீடு வீடாகப் போவதற்குப் பதில் தாய்மாரைக் குழுவாக உட்கார வைத்தும் அதே அளவு பலன் கிடைத்தது. செலவு பல மடங்கு குறைவு.

கணக்கில் நான்கு பயிற்றுநர், ஒரு மேற்பார்வையாளர், பயிற்சி, பொருள் சேர்த்துப் பத்து லட்சம், 100 பிள்ளைகள். குழுவாகச் செய்தால் எண்ணிக்கை கூடும். மேற்பார்வையாளரை வெட்டிவிட்டு இன்னும் 25 பிள்ளைகளைச் சேர்க்கலாமே என்று யாராவது கேட்பார். அவரை வெட்டினால் மூன்றே மாதத்தில் வருகைப் பதிவேடு மட்டும் மிஞ்சும்.

நம் ஊரில் கூடுதலாக ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தப் பயிற்றுநர் எல்லா வீட்டுக்குள்ளும் போவாரா? ஊருக்கும் காலனிக்கும் ஒரே ஆள் என்றால் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பாரா, குடிக்கக் கொடுப்பார்களா? நூறுநாள் வேலைக்குப் போன தாயை எப்போது பார்ப்பார்? விண்ணப்பத்தில் இதற்குப் பதில் இல்லையென்றால் அந்த அமைப்பு இன்னும் களத்தில் இறங்கவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைதான் உங்கள் இலக்கு, நல்ல அமைப்பு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால் எடுங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் தேர்வை மாற்றும்

குழு முடிவெடுப்பதற்கு முன் ஆடிட்டரிடம் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்.

நீங்களே செய்யாமல் வேறொரு அறக்கட்டளைக்குக் கொடுப்பதானால், 2023 ஏப்ரல் முதல் அந்தத் தொகையில் 85 விழுக்காடுதான் உங்கள் நோக்கத்துக்குச் செலவழித்ததாக வருமான வரிக் கணக்கில் ஏறும். பத்து லட்சம் கொடுத்தால் எட்டரை லட்சம். காப்பகமும் வீடு தேடிப் போகும் வழியும் பெரும்பாலும் இன்னொரு அமைப்பின் வழியாகத்தான் நடக்கும் என்பதால் இது அவற்றை நேரடியாகத் தொடும். அந்த அமைப்பின் மூலநிதிக்கென்று (செலவழிக்காமல் முதலாக வைக்கும் நிதி) கொடுத்தால் எட்டரையும் ஏறாது.

வெளிநாட்டுக்காரர் பணம் என்றால் கடவுச்சீட்டைப் பாருங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் துபாயிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் அல்லது அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். அவர் பணத்தை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிவிடவும் முடியாது. நிர்வாகச் செலவும் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதனால் அந்த நண்பர்கள் களத்தில் இருக்கும் பதிவுபெற்ற அமைப்புக்கு நேராக அனுப்பிவிடுவதே நல்லது. உங்கள் டிரஸ்ட் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம்.

மூன்றாவது சின்ன விஷயம். கொடுக்கும் தொகையை ஏப்ரல், அக்டோபர் என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாவதற்கு முன் கணக்குக் கேட்பது வழக்கம். சம்பளம் கொடுக்கும் திட்டங்களில் இந்தப் பிரிவு ஆளைக் கொல்லும். அறிக்கை பத்து நாள் தாமதமானால் ஆயாம்மாவுக்குச் சம்பளம் இல்லை. சம்பளப் பகுதியை முன்கூட்டியே முழுதாகக் கொடுத்துவிட்டு, பொருள் வாங்கும் பகுதியை மட்டும் தவணையில் வையுங்கள்.